கரையில் ஓர் ஆள்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

வேதாரண்யம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு உப்பு நினைவுக்கு வரும். 1930-ஆம் ஆண்டு ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்து வந்து இங்கே உப்பெடுத்த வரலாற்றைப் பள்ளிப் பாடத்திலேயே நாம் படித்துவிட்டோம். ஆனால் இந்த மண்ணுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது எந்தப் பாடப்புத்தகத்திலும் என் கண்ணில் பட்டதில்லை. இலங்கைக் கரையிலிருந்து பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தவர்களில் முதல்வராகச் சொல்லப்படுபவர் மு. நவரத்தினசாமி. யாழ்ப்பாணத்துத் தமிழர். 1954-ஆம் ஆண்டு வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கி, ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்தி, அவர் கரையேறிய இடம் நம் கோடியக்கரை. நம் கல்லூரியிலிருந்து பேருந்து ஏறினால் டிக்கெட் வாங்கிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் வந்துவிடுகிற ஊர்! அங்கே ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆதிசேதுவில் முழுக்குப் போடுகிறவர்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்து முடிந்ததும் அந்த 1954-இல்தான். கோடியக்கரைப் பூங்குழலி நள்ளிரவில் தன்னந்தனியாகப் படகு செலுத்துவதை வாரந்தோறும் தமிழ்நாடே படித்துக்கொண்டிருந்த காலத்தில், அதே கடலில் மெய்யாகவே ஒரு மனிதர் இரவெல்லாம் நீந்தி வந்திருக்கிறார். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு சிலிர்ப்பு உண்டாகும்.

என் தந்தையார் கடல் தொழில் செய்பவர். ஆறுகாட்டுத்துறை எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, தோழிகள் எல்லாரும் ‘விண்வெளி’ என்றும் ‘பெண் கல்வி’ என்றும் தலைப்பெடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தது தண்ணீர். அதிலும் என் மனத்தைப் பல நாளாக அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி: நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் ஆற்றிலோ கடலிலோ தனியாக நீந்தலாமா?

“இதென்ன கேள்வி? நீச்சல் தெரிந்தால் போதாதா?” என்பீர்கள். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். கடற்கரையில் பிறந்த ஆண்பிள்ளைக்கு நீச்சலைச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அது பேச்சு வருவது போல வந்துவிடும் என்பது எங்களவர் நம்பிக்கை. பெண்பிள்ளைக்கோ வரவே வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய நம்பிக்கை. கடலை நம்பிப் பிழைக்கும் ஊரில் பாதிப்பேருக்கு நீந்தத் தெரியாது என்று நான் சொன்னால் தலைஞாயிறு, கரியாப்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள். ஆனால் உண்மை அதுதான். வலை பின்னுவார்கள், மீன் கூடை சுமப்பார்கள், கருவாடு காயவைப்பார்கள். தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்கமாட்டார்கள்.

26-12-2004 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது இதன் விலை தெரிந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில், கடலூர்ப் பகுதியில் இறந்த பெண்களின் எண்ணிக்கை ஆண்களின் எண்ணிக்கையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கண்டிருந்தது. பிள்ளைகளை விட்டு ஓட மனம் வராதது ஒரு காரணம், கால்களைச் சுற்றிய சேலை ஒரு காரணம், மரமேறவும் நீந்தவும் பழகாதது இன்னொரு காரணம். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கோடியக்கரையின் பழைய கலங்கரை விளக்கமே அந்த அலையில் விழுந்துவிட்டது. கற்கட்டடத்துக்கே அந்த கதி என்றால் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பெண்ணுக்கு என்ன கதி என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் அதற்கு அடுத்த ஆண்டு பிறந்தவள். எனக்கு ஏழு வயதானபோது என் தந்தையார் ஊர்க் குளத்துக்கு என்னை அழைத்துப் போய், காலி எண்ணெய்க் கேன் இரண்டை முதுகில் கட்டித் தண்ணீரில் விட்டார். “பொம்பளைப் புள்ளைய எதுக்குடா தண்ணியில இறக்குற?” என்று தெருவே கேட்டது. அப்பா பதில் சொல்லவில்லை. அவர் எதற்கும் பதில் சொல்கிறவர் அல்லர். அப்பாயிதான் சொன்னார்: “எங்க காலத்துல சொரக்குடுக்கையைக் கட்டிவுடுவாங்க. இப்ப கேனு. கட்டுறது என்னவோ ஒண்ணுதான்.” அப்பாயிக்குச் சிறு வயதில் நீந்தத் தெரிந்திருந்தது என்பது அன்றுதான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. ஐம்பது ஆண்டுகளாக அதைச் சொல்ல ஒரு வாய்ப்பு வரவில்லை போலும்.

மூன்று மாதத்தில் கேன் ஒன்றாயிற்று. பிறகு அதுவும் போயிற்று. கேன் இல்லாமல் குளத்தின் குறுக்கே போய் வந்த அன்று அப்பா ஒரு சட்டம் போட்டார். “நீ நீந்து, வேண்டாங்கல. கரையில ஒரு ஆளு இருக்கணும். அவ்வளவுதான்.” இன்றுவரை அதுதான் சட்டம். அது எனக்கு மட்டும் உரியது என்பதுதான் நெடுநாள் என் வருத்தம். என் வயதுப் பையன்கள் தனியாகப் போவார்கள், வருவார்கள்; யாரும் கேட்பதில்லை. பெண் என்பதால் போட்ட விலங்கு என்றே நான் அதை நினைத்திருந்தேன்.

என் சித்தப்பா எங்கள் ஊரிலேயே நல்ல நீச்சல்காரர். இப்படி எல்லாரும் தம் உறவினரைச் சொல்வார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். சித்தப்பா விஷயத்தில் அது உயர்வு நவிற்சி அன்று. நங்கூரக் கயிறு பாறையில் சிக்கினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். 16-11-2018 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, தென்னையெல்லாம் சாய்ந்து சாலையே தெரியாமல் போனதல்லவா? அன்று முகத்துவாரத்தில் மூழ்கிக் கிடந்த படகுகளுக்குக் கயிறு கட்டியவர்களில் அவரும் ஒருவர்.

அதற்கு மறு ஆண்டு. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். ஒரு மாலை, வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கால்வாய் கடலோடு சேரும் இடத்தில் அக்கரையில் எங்கள் ஃபைபர் படகு கட்டியிருந்தது. “என்ஜினுக்குத் தார்ப்பாய் போட்டுட்டு வந்துடுறேன்” என்று சித்தியிடம் சொல்லிவிட்டுச் சித்தப்பா போனார். அவர் நீந்திப் போக வேண்டிய தூரம் அதிகமில்லை. எங்கள் ஊரில் அதைக் கூப்பிடு தூரம் என்பார்கள். தினமும் இரண்டு தடவை நீந்துகிற தூரம். வழக்கமாகக் கரையில் வலை தைத்துக்கொண்டு நாலைந்து பேர் இருப்பார்கள். அன்று மழைக்குப் பயந்து எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

தார்ப்பாய் போட்டிருந்தது. நான்கு மூலையும் கட்டியிருந்தது. ஆகவே போகும்போது ஒன்றும் நடக்கவில்லை, திரும்பும்போதுதான் நடந்திருக்கிறது. அதற்கு மேல் எவருக்கும் எதுவும் தெரியாது. மறுநாள் காலை கிடைத்தார்.

என்ன ஆயிற்று என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கால் தசை பிடித்திருக்கும் என்றார் ஒருவர். வற்று நீர் இழுத்திருக்கும் என்றார் இன்னொருவர். மாரடைப்பு என்றார்கள். நீருக்குள் கிடந்த மரத்துண்டில் தலை மோதியிருக்கும் என்றார்கள். இன்னும் ஏதேதோ சொன்னார்கள், அவற்றை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அப்பாயி மட்டும் இவை எதையும் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “எம் புள்ள கூப்புட்டானா?” வீட்டுக்கு யார் வந்தாலும் இதையே கேட்டார். “கூப்புட்டிருந்தா கேட்டிருக்கும்ல? கூப்புடு தூரந்தானே?” வந்தவர்கள் விடை தெரியாமல் தலை குனிந்து எழுந்து போவார்கள்.

அந்தக் கேள்விக்கு விடையை நான் கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். நூலகத்திலும் செல்பேசியிலும் தேடித்தேடிப் படித்ததில் தெரிந்த செய்தி இது. மூழ்கும் மனிதர் பெரும்பாலும் கூப்பிடுவதில்லை. கூப்பிட முடிவதில்லை. திரைப்படங்களில் காட்டுவது போலக் கையை உயர்த்தி ஆட்டிக் “காப்பாற்றுங்கள், காப்பாற்றுங்கள்” என்று அலறுவதெல்லாம் இன்னும் தெம்பிருக்கிறவர் செய்வது. மெய்யாக மூழ்கத் தொடங்கியவரின் வாய் நீருக்கு மேலே வருவது ஒரு நொடி. அந்த நொடியில் மூச்சை உள்ளே இழுக்கவே நேரம் போதாது. பேச எங்கே நேரம்? கைகளும் அவர் சொல்லைக் கேட்பதில்லை. பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தியபடியே இருக்கும், ஆட்ட வராது. பார்ப்பவருக்கு அவர் நிமிர்ந்து நின்று வானத்தைப் பார்ப்பது போலத் தோன்றுமாம். இந்தப் போராட்டம் இருபது நொடி முதல் ஒரு நிமிடம் வரை. பிறகு தலை உள்ளே போய்விடும். மூளைக்கு உயிர்வளி நின்றால் நான்கைந்து நிமிடத்தில் கேடு தொடங்கிவிடுகிறது.

இயற்பியல் மாணவி என்ற முறையில் இதனோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நாம் தேர்வுக்காகப் படித்துத் தேர்வோடு மறந்துவிடுகிறோம். நம் உடம்பின் அடர்த்திக்கும் தண்ணீரின் அடர்த்திக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. நெஞ்சு நிறையக் காற்றிருந்தால் பெரும்பாலோர் மிதப்பர். காற்றை முழுதும் வெளியே விட்டால் நன்னீரில் பெரும்பாலோர் தாழ்வர். கடல்நீர் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1025 கிலோகிராம். ஆற்றுநீரைவிடச் சற்றே கனம்; ஆகவே கடலில் மிதப்பது சற்றே எளிது. இப்போது எண்ணிப் பாருங்கள்: கத்துவதென்றால் என்ன? நெஞ்சிலுள்ள காற்றை வெளியே தள்ளுவது. உதவி கேட்க எதைச் செலவிட வேண்டுமோ அதுவேதான் அவரை மிதக்க வைத்துக்கொண்டிருக்கிறது! இந்தக் கணக்கை நான் வகுப்பில் உட்கார்ந்து போட்டுப் பார்த்த நாளில் எனக்கு அடுத்த பாடவேளை எதுவும் காதில் விழவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அப்பாயியிடம் சொன்னேன். “சித்தப்பா கூப்புட்டிருக்கமாட்டாங்க அப்பாயி. யாராலயும் முடியாது. காது கேட்டு வர்றதுக்கு ஆளு இருந்தா பத்தாது. கண்ணால பாத்துக்கிட்டு ஒரு ஆளு இருந்திருக்கணும்.” அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப நான் வெளக்கேத்திக்கிட்டு இருந்தது தப்பில்ல?” என்றார். அந்த மாலை முழுவதும் தாம் வீட்டுக்குள் இருந்ததால்தான் மகனின் குரல் கேட்காமல் போயிற்று என்று இத்தனை ஆண்டுகளாக அவர் எண்ணியிருந்திருக்கிறார். எங்கள் யாருக்கும் அது தெரியாது. படித்த படிப்பால் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பயன் எது என்று என்னைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வேலை இனிமேல்தான் கிடைக்க வேண்டும்.

நீச்சல் வீரர்களின் கதைக்கு மறுபடி வருகிறேன். ‘தனியாகக் கடலைக் கடந்தார்’ என்று செய்தித்தாளில் வருகிறதே, அந்தத் தனிமை எப்படிப்பட்டது என்று ஆராய்ந்தேன். மிகிர் சென் 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி நேரத்துக்கு மேல் நீந்தி வந்தார். 1964 புயலில் அழிந்துபோன ஊரில்தான் அவர் வந்து ஏறினார் என்பதை எண்ணும்போது ஒரு விதமாக இருக்கிறது. அவருக்கு வழித்துணையாகக் கடற்படைக் கப்பல்கள் வந்தன. 12 வயதில் அதே கடலைக் கடந்து, 1994 ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்திச் சாதனை புரிந்த நம் தமிழ்நாட்டுக் குற்றாலீசுவரனும், 2004-இல் கடந்த வங்கத்து வீராங்கனை புலா சௌத்ரியும், 2022-இல் பதின்மூன்று வயதில் 13 மணி 10 நிமிடத்தில் தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனைக்கு வந்த ஜியா ராயும் தனியாக வந்தவர்கள் அல்லர். இங்கிலீஷ் கால்வாயை நீந்துவோருக்கு இது எழுதப்பட்ட விதியாகவே இருக்கிறது. வழிகாட்டும் படகு வேண்டும், பார்த்துக்கொண்டே வர ஒரு பார்வையாளர் வேண்டும், உணவு நீட்டலாம், ஆனால் நீந்துகிறவரைத் தொடக் கூடாது. தொட்டால் சாதனை கணக்கில் வராது. எனக்கு இந்த விதி மிகவும் பிடித்திருக்கிறது. நீந்துவது முழுக்க முழுக்க அவர்தான். ஆனால் அவரை ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் அப்பா குளக்கரையில் செய்ததும் இதைத்தானே?

அப்படியென்றால் படகு கூட வந்துவிட்டால் போதும், ஆபத்தே இல்லை என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது. வல்வெட்டித்துறைத் தமிழர் குமார் ஆனந்தன். ‘ஆழிக்குமரன்’ என்று அவரைக் கொண்டாடினார்கள். 1971-இல் இலங்கையிலிருந்து இந்தியக் கரைக்கு வந்து, மறுபடி இலங்கைக்கே நீந்திப் போனார். 51 மணி நேரம்! அத்தகைய மனிதர் 1984 ஆகஸ்டில் இங்கிலீஷ் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் நீத்தார். நம் கடல் வெதுவெதுப்பானது. அந்தக் கடலோ கோடையிலும் உடம்பை விறைக்கச் செய்வது. கூட ஆள் இருந்தும் சில வேளை காப்பாற்ற முடியாமல் போகிறது. ஆனால் என்ன நேர்ந்தது என்பதை அறிய ஒருவர் இருக்கிறார். எங்கள் வீட்டில் அதுகூட இல்லாமல் போயிற்று. இதை அனுபவித்தவர்களுக்குத்தான் இதன் எடை தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். நம் நாட்டில் மட்டும் ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கும் மேல். ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2021-இல் அறிவித்தது. அந்த நாளில் நம் கல்லூரியில் ஒரு கூட்டம் நடத்தினால் என்ன என்று நான் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தோடு நிறுத்திவிடாமலும் இருக்க வேண்டும்.

நம் பக்கத்து நீர்நிலைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தேர்வு முடிந்ததும் நண்பர்கள் எங்கே போவீர்கள் என்பது எனக்குத் தெரியும். வேதாரண்யத்துச் சன்னதிக் கடல் ஆழமில்லாதது, அலையும் பெரிதில்லை. அதனாலேயே அதை எளிதாக நினைத்துவிடுகிறோம். காலடியில் சேறு, ஒரு காலை எடுக்கும்போது மறுகால் புதையும். தடுமாறி விழுந்து இடுப்பளவு நீரில் மூச்சுத் திணறியவர்களை எங்கள் ஆட்கள் தூக்கியிருக்கிறார்கள். அலை உடையும் கடற்கரைகளில் வேறொரு தொல்லை உண்டு. கரைக்கு வந்த நீரெல்லாம் ஓரிடத்தில் ஒன்றுகூடி ஓடை போலக் கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை குறைவாகத் தெரியும். புதியவர்கள் ‘இங்கே அமைதியாக இருக்கிறதே’ என்று அங்கேதான் இறங்குவார்கள். அது இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. எவ்வளவு பெரிய நீச்சல்காரனும் களைத்துப்போவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓடையை விட்டு வெளியே வர வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து மூச்சைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். வாடைக் காற்றுக் காலத்தில் கடல் வேறு முகம். கச்சான் அடிக்கும்போது வேறு முகம். சொறி வந்திருக்கும் நாளில் எங்கள் ஆட்களே இறங்கத் தயங்குவார்கள். மேலே பட்டால் தீப்பட்டது போல எரியும்.

கடைமடைக்காரர்களுக்கு வேறு கதை. மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்தாலும் நமக்குத் தண்ணீர் வந்து சேரப் பல நாளாகும். வருஷம் முழுக்க வறண்ட ஆற்றைப் பார்த்த கண்ணுக்குப் புதுத்தண்ணீர் திருவிழா. ஆனால் போன கோடையில் மண் எடுத்த குழி எங்கே இருக்கிறது என்று கலங்கல் நீரில் யாருக்குத் தெரியும்? சட்ரஸ் பலகைக்குக் கீழே குதிப்பதை வீரம் என்று நினைக்கிறார்கள் நம் பையன்கள். அங்கே விழும் நீர் அடியில் சுருண்டு திரும்பிச் சுவரை நோக்கியே வருகிறது. உள்ளே போனதை அது எளிதில் வெளியே விடாது. குளத்தில் ‘யார் அதிக நேரம் மூச்சடக்குவது’ என்று போட்டி வைப்பதும் வேண்டாம். வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்கினால், மூச்சு முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

இவ்வளவும் எழுதியதால் தண்ணீரைக் கண்டு அஞ்சுகிறேன் என்று நீங்கள் கருத வேண்டாம். தண்ணீருக்குள் தலை போனதும் உலகத்துச் சத்தமெல்லாம் நின்று தன் மூச்சு மட்டும் கேட்கும் அந்த நிலையை, அனுபவித்தவர்களுக்கே தெரியும். வீட்டில் ஐந்து பேர், வகுப்பில் அறுபது பேர், பேருந்தில் எண்ண முடியாத பேர் என்று வாழும் எனக்கு அந்த ஒரு மணி நேரத்தைவிடப் பெரிய தனிமை கிடைத்ததில்லை. தனியாக நீந்த ஆசைப்படுகிறவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. கரையில் ஆள் இருந்தால் அந்தத் தனிமை குறைந்துவிடும் என்கிறார்கள். எனக்குக் குறையவில்லை. தலையை உள்ளே விட்ட பிறகு கரையில் இருப்பவர் யார்? அவர் ஓர் ஓரத்தில் கருவாட்டுக்குக் காவல் இருப்பது போல உட்கார்ந்திருக்கிறார். நான் என் பாட்டுக்கு இருக்கிறேன்.

பெண்கள் விஷயத்தில் நான் நம் பெரியவர்களோடு மாறுபடுகிறேன். தண்ணீர்ப் பக்கமே போகாதே என்பது பாதுகாப்பு என்று அவர்கள் நினைக்கிறார்கள். கடலுக்கு நூறு அடி தூரத்தில் வீடு. போகாதே என்றால் அது வராமல் இருக்குமா? 2004-இல் அதுதான் வந்தது. அப்பா எனக்கிட்ட சட்டம் விலங்கு அன்று என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஆனால் அது எனக்கு மட்டும் இருந்ததுதான் கோளாறு. சித்தப்பாவுக்கும் இருந்திருக்க வேண்டும். அவரிடம் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஊரிலேயே பெரிய நீச்சல்காரரிடம் போய், ‘நான் வந்து கரையில் நிற்கட்டுமா?’ என்று கேட்டால் அவமானப்படுத்துவது போல ஆகிவிடுமே! “நீச்ச தெரியாதவன் கரையிலயே நிப்பான்டி. தெரிஞ்சவன்தான் உள்ள போவான். அவனுக்குத்தான் ஆளு வேணும்” என்று அப்பாயி இப்போது சொல்கிறார். ஆண்களுக்கு இந்தப் பேச்சு காதில் ஏறுவது சிரமம். நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வெளிநாடுகளில் திறந்த நீரில் நீந்துவோர் இடுப்பில் ஒரு செம்மஞ்சள் நிறக் காற்றுப்பையைக் கட்டி இழுத்துக்கொண்டே போகிறார்கள். தூரத்திலிருந்து தெரியும், களைத்தால் பிடித்துக்கொள்ளலாம். படத்தைக் காட்டியதும் அப்பாயி சிரித்துவிட்டார். “இது சொரக்குடுக்கதானடி?” என்றார். விலையைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் சென்ற ஆண்டு ஓர் ஊருக்குப் போயிருந்தோம். வழக்கம்போலச் சாலையைக் கூட்டி, மரக்கன்று நட்டு, கோயில் வாசலில் கோலமிட்டோம். ஐந்தாம் நாள் என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, குளக்கரையில் கயிறும் மிதப்பும் வைக்கலாம் என்றேன். மூழ்குகிறவரைப் பிடிக்க நீச்சல் தெரியாதவர் குதித்தால் இரண்டு பிணம் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. கரையிலிருந்தே எறிய ஏதாவது வேண்டும். திட்ட அலுவலர் ஒப்புக்கொண்டார். மீன்பிடிக் கயிறு இருபது மீட்டர் அப்பா கொடுத்தார். மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் கேன் இரண்டை அதன் நுனியில் கட்டினோம். கேன் காலியாக இருந்தால் காற்றில் தூரம் போகாது. கொஞ்சம் தண்ணீர் விட்டு எறிந்தால் நேராகப் போகும். தாவரவியல் தோழி ஒருத்தி பதினைந்து மீட்டர் எறிந்து எல்லாருடைய கைதட்டலையும் வாங்கினாள். படித்துறை வேப்பமரத்தில் ஆணியடித்து மாட்டி, ‘விளையாட எடுக்காதீர்’ என்று எழுதி வைத்துவிட்டு வந்தோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்க் குளத்தில் ஐந்து பெண்கள் நீந்துகிறோம். முறை வைத்து ஒருத்தி மேலே படியில் உட்கார வேண்டும். செல்பேசியைப் பையில் போட்டுவிட வேண்டும். தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பாயி வந்தால் முறை வேண்டியதில்லை. அவர் கண்ணாடி போடாமலே எண்ணுவார். நாலு தலை தெரியும் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஒருத்தி சற்று அதிக நேரம் முங்கினால் கம்பை எடுத்துத் தண்ணீரில் அடிப்பார்.

முகாம் நடந்த ஊருக்குப் போன மாதம் மரக்கன்றுகளைப் பார்க்கப் போனோம். பாதி பட்டுப்போயிருந்தன. கயிறு அப்படியே தொங்குகிறது. கேனில் ஒன்றைக் காணோம். யாரோ மண்ணெண்ணெய்க்கு எடுத்துப் போயிருக்கிறார்களாம். அடுத்த வாரம் புதுக் கேன் கட்டிவிட்டு வர வேண்டும்.